நோயாளியிடம் கேட்டீர்களா?

மருத்துவரைக் கடவுளுக்கு அடுத்த இடத்தில் வைத்து மதிக்கும் சமுதாயம் நம்முடையது. பேரப்பிள்ளையின் தலையைத் தடவி, "நல்லா படிச்சு டாக்டரா வரணும்" என்று வாழ்த்தாத பாட்டியை நம் தோட்டப்புறங்களில் காண்பது அரிது. உள்நாட்டில் இடம் கிடைக்காதபோது வீட்டை அடகு வைத்தும், நகையை விற்றும் இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் ரஷ்யாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் படிக்க வைத்த பெற்றோர் நம்மிடையே எத்தனையோ பேர். மருத்துவம் மட்டுமல்ல, தாதிமை, மருந்தியல், பல் மருத்துவம், பிசியோதெரபி என எல்லாத் துறைகளிலும் இன்று நம்மவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே, இந்த ஆண்டிதழைக் கையில் வைத்திருக்கும் வாசகர்களில் சிலர் நாளை வெள்ளை அங்கி அணியப் போகிறவர்கள்; சிலர் ஏற்கெனவே அணிந்துவிட்டவர்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். நான் மருத்துவ மாணவன் அல்லன், புள்ளியியல் படிப்பவன். ஆனால், உடற்பேறு குறைந்த ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். மருத்துவமனை வரிசைகளில் அவரோடு உட்கார்ந்து பழகியவன். அந்த வரிசைகளில் நான் கண்டதும், பிறகு ஆய்வுகளில் படித்ததும் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

நான் சொல்ல வருவது இதுதான். உடற்பேறு குறைந்தோரின் வாழ்க்கை மற்றவர் வாழ்க்கையைவிட மதிப்புக் குறைந்தது என்னும் எண்ணம், அவர்களைக் காப்பாற்ற உறுதிபூண்டவர்களின் மனத்திலேயே அவர்கள் அறியாமல் குடியிருக்கிறது. அது வெறுப்பு அன்று. பல வேளைகளில் இரக்கத்தின் வேடத்தில் வருகிறது. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம், களைவதும் கடினம்.

எண்கள் சொல்வது என்ன?

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலக மக்களில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழ்கின்றனர். இவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறக்கிறார்கள் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. 2019இல் நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு ஏதோ ஒரு வகையில் செயல்குறை இருப்பதாகக் கண்டறிந்தது.

நம் சமூகத்துக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. நீரிழிவு நோய் இந்நாட்டு இந்தியரிடையே மிகுதி என்பதை இந்தத் தேசிய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டி வருகின்றன. கவனிக்காத நீரிழிவு காலை எடுக்க வைக்கிறது, கண்ணைப் பறிக்கிறது. இன்று நிமிர்ந்து நடக்கும் மாமாவும் பெரியப்பாவும் நாளை சக்கர நாற்காலியில் வந்து மருத்துவரின் முன் அமரக்கூடும். எனவே, இது யாரோ சிலருடைய பிரச்சினை அன்று.

இனி, மருத்துவரின் மனத்துக்கு வருவோம். ஒருவரிடம் நேரடியாகக் கேட்டால் தமக்குப் பாகுபாடு இல்லை என்றுதான் சொல்வார். அதை அவர் நம்பவும் செய்வார். மனத்தின் அடியில் உள்ள சாய்வை அளக்க 1998இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வகுத்தனர். கணினித் திரையில் படங்களும் சொற்களும் தோன்றும். அவற்றை 'நல்லது', 'கெட்டது' என்று விரைவாகப் பிரிக்க வேண்டும். எந்த இணையைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துச் சாய்வைக் கணிப்பார்கள். இந்தச் சோதனையைச் செய்த 25,006 மருத்துவப் பணியாளர்களின் முடிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2020இல் வெளிவந்தது. வெளிப்படையாகக் கேட்டபோது பெரும்பாலோர் தமக்குப் பாகுபாடு இல்லை என்றனர். சோதனையிலோ 83.6 விழுக்காட்டினர் உடற்குறை இல்லாதோர் பக்கமே சாய்ந்திருந்தனர்.

இச்சோதனையில் குறை இல்லாமல் இல்லை. ஒரே ஆள் இரண்டு முறை செய்தால் இரண்டு விதமாக வரலாம். ஆகவே, தனி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது உதவாது. ஆனால், பெருங்கூட்டத்தின் போக்கைக் காட்ட அது போதும் என்பதே புள்ளியியல் மாணவனாகிய என் கருத்து. அது போதாது என்பவர்களுக்கு நேரடிக் கேள்விகளும் உண்டு. 2021இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் 714 மருத்துவர்களிடம் கேட்டனர். கடுமையான உடற்குறை உள்ளவர்களின் வாழ்க்கைத்தரம் மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தது என்று 82.4 விழுக்காட்டினர் கூறினர். அத்தகைய நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கு இணையான சிகிச்சையைத் தம்மால் அளிக்க முடியும் என்று உறுதியாக நம்பியவர்கள் 40.7 விழுக்காட்டினர் மட்டுமே.

"அது அமெரிக்கா, நம் நாட்டுக்கு அது பொருந்துமா?" என்று கேட்கலாம். நம் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் பாடநூல்கள் அங்கிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவைதாம். நாமோ அவற்றுக்கு மேல் "போன பிறவியில் செய்த பாவம்" என்ற ஒன்றையும் சேர்த்துப் படித்தவர்கள்.

சின்னம்மாவின் வயிற்று வலி

என் சின்னம்மாவுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. தையல் தொழில் செய்கிறார். தீபாவளிக்கு இரண்டு மாதத்திற்கு முன்பே "இனி துணி வாங்கமாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிடும் அளவுக்கு அவரிடம் வேலை குவியும். என் முதலாம் ஆண்டு விடுதிக் கட்டணத்தைக் கட்டியவர் அவர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், சாப்பிட்ட பிறகு வயிற்றின் வலப்பக்கம் வலி என்றார். அழைத்துப் போனேன். மருத்துவர் தமிழர், இளைஞர், பண்பாகத்தான் பேசினார். ஆனால், சின்னம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "தம்பி, இவங்களுக்கு எப்பலேர்ந்து வலிக்குது?" என்று கேட்டார். சின்னம்மாவே பதில் சொன்னார். அடுத்த கேள்வியும் என்னிடமே வந்தது. அதற்கும் சின்னம்மாவே பதில் சொன்னார். மூன்றாவது கேள்வி வந்தபோது, "டாக்டர், வயிறு என்னோடது. என்னையே கேளுங்க" என்றார்.

அந்த மருத்துவர் சிரித்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். ஆனால், எந்நேரமும் உட்கார்ந்தே இருப்பதால் வாயு சேர்ந்திருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வலி மிகுந்து போனபோது வேறொருவர் பார்த்தார். அவரும் உட்கார்ந்திருப்பதையே காரணமாகச் சொன்னார். மூன்றாம் முறை காய்ச்சலும் வாந்தியுமாகப் போனபோதுதான் 'ஸ்கேன்' எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள், பை வீங்கிப் போயிருந்தது. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். ஒப்புதல் பாரத்தை எடுத்து வந்த தாதி பேனாவை என்னிடம் நீட்டினார். அப்போது எனக்கு வயது 22. சின்னம்மாவுக்கு 51. அவருக்குக் கை இருக்கிறது. தெளிந்த புத்தி இருக்கிறது. பேனாவை வாங்கிச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்திட்டார்.

சின்னம்மா பிழைத்துக் கொண்டார். அவருடைய வலியை முதல் நாளே 'சாப்பிட்ட பிறகு வலப்பக்க வலி' என்று மட்டும் எழுதி, கால்களைப் பற்றி எழுதாமல் அந்த மருத்துவரிடம் கொடுத்திருந்தால், பித்தப்பையைத்தான் அவர் முதலில் நினைத்திருப்பார் என்று மருத்துவம் படிக்கும் நண்பர்கள் என்னிடம் சொன்னார்கள். அறிவு இருந்தது, அதைச் சக்கர நாற்காலி மறைத்துவிட்டது.

இதற்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயரே உண்டு. புதிதாக வந்த நோயின் அறிகுறிகளைப் பழைய குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் இப்போக்கை 1982இல் ஸ்டீவன் ரைஸ் என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். அறிவுவளர்ச்சிக் குறை உள்ளவர்களின் மனநோய் அறிகுறிகளை மருத்துவர்கள் கவனிக்கத் தவறுவதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு எல்லா வகைக் குறைபாடுகளிலும் இது காணப்பட்டது. இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களின் மரணங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட அறிக்கை, அவர்களில் ஆண்கள் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் மற்றவர்களைவிட முன்னதாக இறந்ததைக் காட்டியது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை அளிப்பதிலும் ஏற்பட்ட தாமதம் அதற்கான காரணங்களுள் ஒன்று.

யாருடைய கணக்கு சரி?

மருத்துவர் ஏன் இப்படி நினைக்கிறார்? அவர் கெட்டவர் என்பதாலா? அல்ல. உடற்பேறு குறைந்தவரை அவர் எங்கே சந்திக்கிறார் என்று பாருங்கள். நோய்ப் படுக்கையில் சந்திக்கிறார். அந்த மனிதர் தைப்பதையும், கணக்கு எழுதுவதையும், பிள்ளையைத் திட்டுவதையும், கோயில் திருவிழாவில் சிரிப்பதையும் அவர் பார்ப்பதில்லை. வகுப்பில் பக்கத்து நாற்காலியில் அப்படி ஒருவர் உட்கார்ந்ததில்லை; விரிவுரையாளராக வந்ததும் இல்லை. பாடநூலிலோ ஊனம் என்பது சரிசெய்ய வேண்டிய பழுது. ஆகவே, சரிசெய்ய முடியாத பழுதோடு வாழ்வது துன்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் கூட்டிக் கழித்து விடை சொல்லிவிடுகிறது.

அந்த விடை தவறு என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவசரப் பிரிவுப் பணியாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: முதுகுத்தண்டில் கடும் காயம்பட்டு உடல் செயலிழந்து போனால், உயிரோடு இருப்பதற்காக நீங்கள் மகிழ்வீர்களா? மகிழ்வோம் என்றவர்கள் 18 விழுக்காட்டினர். உண்மையிலேயே அக்காயத்தோடு வாழ்பவர்களிடம் கேட்டபோது, உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி என்றவர்கள் 92 விழுக்காட்டினர். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 92. பட்டறிந்தவர் சொல்வதற்கும் பார்த்தவர் நினைப்பதற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவு. இரவு 2 மணிக்கு அவசரப் பிரிவில் ஓர் உயிருக்காக எவ்வளவு போராடுவது என்று முடிவு செய்பவர் அந்த 18 விழுக்காட்டுக் கண்ணோட்டத்தோடு நிற்கிறார் என்பதுதான் அச்சம் தருவது.

இது கற்பனை அன்று. 2020 மார்ச் மாதம், கோவிட்-19 பெருந்தொற்று தொடங்கிய நேரத்தில், இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் தீவிர சிகிச்சை குறித்து ஒரு நெறிமுறையை வெளியிட்டது. அன்றாடத் தேவைக்குப் பிறரைச் சார்ந்திருப்போரைத் 'தளர்ந்தவர்' எனத் தரம்பிரிக்கும் அளவுகோல் ஒன்று அதில் இருந்தது. முதியோருக்காக வகுத்த அந்த அளவுகோலால், நலமாக வாழும் இளம் மாற்றுத் திறனாளிகளும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும் நிலை ஏற்பட்டது. உடற்குறை உள்ளோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. சில நாள்களிலேயே நெறிமுறை திருத்தப்பட்டது. நிலையான உடற்குறை, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்த அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது என்று சேர்த்தார்கள். எழுதியவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். எழுதும் மேசையில் சம்பந்தப்பட்டவர்களின் கண் இல்லை, அவ்வளவே.

பேசாத சாய்வு

சாய்வு சொல்லில் மட்டும் இல்லை; பொருள்களிலும் இருக்கிறது. மருத்துவமனை வாசலில் சாய்தளம் கட்டிவிட்டோம் என்று நிறைவடைகிறோம். உள்ளே போனால் பரிசோதனைக் கட்டில் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்க வேண்டும். நிற்க முடியாதவரின் எடையைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக எழுதிவிடுகிறார்கள். மயக்க மருந்தும் பல மருந்துகளும் எடைக்கு ஏற்பவே அளந்து கொடுக்கப்படுகின்றன என்பது மருத்துவம் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்பகப் பரிசோதனைக் கருவிகள் பலவும் நின்றுகொண்டிருப்பவருக்காகவே அமைந்தவை. கருப்பை வாய்ப் பரிசோதனையைச் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணிடம் செய்துகொள்ளச் சொல்வதே குறைவு. அவளுக்கு ஏது இல்லற வாழ்க்கை என்று கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறார்கள். காது கேளாதவரிடம் சைகைமொழி தெரிந்தவரை அழைக்காமல், கூட வந்த பத்து வயதுப் பிள்ளையிடம் தாயின் நோயை விளக்கச் சொல்வதும் நடக்கிறது.

ஒரு மறுப்புக்குப் பதில்

இதைப் படிக்கும் இளம் மருத்துவர் ஒருவர் கோபப்படலாம். "காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை. இரவுப் பணி வேறு. இதில் எங்கள் மனத்தையும் சோதிக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். அந்தக் களைப்பு உண்மை. அரசாங்க மருத்துவமனைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால், மனம் களைத்திருக்கும்போதுதான் அது சிந்திக்காமல் பழைய தடத்தில் ஓடும். சாய்வு வேலை செய்வதே அந்த நேரத்தில்தான். மேலும், நோயாளியைப் பார்த்துக் கேட்பதற்கும் கூட வந்தவரைப் பார்த்துக் கேட்பதற்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். சின்னம்மாவிடம் முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று முறை பார்க்க வேண்டிய நோயாளி ஒரே முறையில் முடிந்திருப்பார்.

சட்டம் பார்த்துக் கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், மற்றவர்களுக்குச் சமமாகச் சுகாதார வசதி பெறும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. ஆனால், உரிமையை மீறுவோர்க்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாட்டு உடன்படிக்கையின் 25ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு அளிக்கும் அதே தரத்தில், அவரவர் ஒப்புதலோடு சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. அதற்காக மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஏட்டில் இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவருவோர் மனிதர்கள்தாம்.

நாம் என்ன செய்யலாம்?

நாம் தமிழ் படிப்பவர்கள். சொல்லின் மீது அக்கறை உள்ளவர்கள். ஊனமுற்றோர் என்றோம், உடற்பேறு குறைந்தோர் என்றோம், இப்போது மாற்றுத் திறனாளிகள் என்கிறோம். நல்ல மாற்றம்தான். ஆனால், சொல்லை மாற்றிவிட்டு அதைச் சொல்லும்போது குரலில் வரும் 'பாவம்' என்பதை அப்படியே வைத்திருந்தால், புதிய சொல்லும் சில ஆண்டுகளில் பழைய சொல்லாகிவிடும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பவையே அவை. அந்த வரிசையை உற்றுக் கவனியுங்கள். நோயாளி முதலில் நிற்கிறார். உடன் வந்தவர் கடைசியில் நிற்கிறார். நம் மருத்துவமனைகளில் சக்கர நாற்காலி ஒன்று உள்ளே வந்தவுடன் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. குறளை மேடையில் முழங்கும் நாம், அதை வார்டிலும் கொஞ்சம் கடைப்பிடித்தால் என்ன?

மருத்துவத் துறை மாணவர்களே, உங்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, கேள்வியை நோயாளியிடமே கேளுங்கள். பேச முடியாதவர் என்றால் எப்படிப் பதில் சொல்வார் என்பதை அறிந்து, அதற்காகக் காத்திருங்கள். இரண்டாவது, மருந்துச் சீட்டு எழுதும் முன் ஒரு நொடி நின்று, "இவர் நடந்து வந்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்?" என்று உங்களையே கேளுங்கள். மூன்றாவது, உங்கள் புலத்தில் உடற்பேறு குறைந்தோரை நோயாளியாக மட்டுமல்லாமல் பாடம் நடத்துபவராகவும் அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மணி நேரம் அவர்கள் பேசினால், பாடநூல் சொல்லாததை அறிவீர்கள்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் நாம் தோட்டங்களிலும் பி.பி.ஆர். அடுக்குமாடிகளிலும் மருத்துவ முகாம் நடத்துகிறோம். மாடி மண்டபத்தில் முகாம் வைத்துவிட்டு வந்தவர்களின் எண்ணிக்கையை அறிக்கையில் போடுகிறோம். வர முடியாதவர்களின் எண்ணிக்கையை யாரும் போடுவதில்லை. அடுத்த முகாமைத் தரைத்தளத்தில் வைப்போம். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய எடைக் கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோவோம். முகாமைத் திட்டமிடும் குழுவில் உடற்பேறு குறைந்த ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்போம். மாலை போட்டு மேடையில் உட்கார வைப்பதற்காக அன்று, எங்கே எது தடை என்று நமக்குச் சொல்வதற்காக.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். அடுத்த ஆண்டிதழ் வருவதற்குள் இவற்றில் ஒன்றையாவது செய்துவிட்டோம் என்று யாரேனும் எழுதினால், அதைப் படிக்கக் காத்திருக்கும் முதல் வாசகன் நானாக இருப்பேன்.